இருநூற்று நாற்பத்தொன்று

டுலூத், மின்னசோட்டா
பிப்ரவரி 2, ஞாயிறு

அன்பு மகள் பிரிட்டாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ பயிற்சிக்கு அலாஸ்கா போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று அம்மா சொன்னாள். நீ இருக்கும் ஊருக்குச் சாலை கிடையாதாம், பனி விலகினால்தான் விமானம் இறங்குமாம். அப்படியென்றால் இந்தக் கடிதம் உன் கைக்கு எப்போது வரும் என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் வழியனுப்ப வந்த இடத்தில் நீதான் சொன்னாய்: "அப்பா, ஃபோன்ல மார்க்கு, லிஸ்ட்டு, எம்மெட்டுன்னு ஏதாவது ஆரம்பிச்சே, அப்பவே வச்சிடுவேன். சொல்லாம இருக்க முடியலன்னா காயிதத்துல எழுதிப் போடு." நீ கேலியாகச் சொன்னாயோ என்னவோ, நான் திரும்பி வரும் வழியிலேயே தபால்தலை வாங்கிவிட்டேன்.

இங்கே எல்லாரும் சுகம், அம்மாவின் முழங்காலைத் தவிர. பள்ளிச் சமையலறையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து வீட்டிலும் நிற்கிறாள். உட்காரச் சொன்னால், "ரெண்டு எலும்பு டாக்டருங்க வீட்டுக்கு வரப்போறாங்க, எனக்கென்ன கவலை" என்கிறாள். ஏரி கரையோரம் உறைந்துவிட்டது. வண்டிகள் தினமும் சறுக்குகின்றன, அதனால் எனக்கு வேலைக்குக் குறைவில்லை. இடித்தவன் எல்லாரும் இடிக்கவில்லை என்கிறான், இடிபட்டவன் எல்லாருக்கும் கழுத்து வலிக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனி எனக்குச் சம்பளம் கொடுப்பதே இவர்களை நம்பாமல் இருப்பதற்குத்தானே.

உன் காதலன் எம்மெட் வந்து சேர்ந்தான். இந்த மாதம் முழுக்க நம் ஊர் மருத்துவரிடம் பயிற்சி என்பதால் கீழ்த்தள அறையைக் கொடுத்திருக்கிறோம். குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் எனக்கு உறுத்துகிறது. நான் எழுந்திருப்பதற்குள் வாசல் பனியைத் தள்ளிவிடுகிறான். சாப்பிட்ட தட்டைக் கழுவுகிறான், சாப்பிடாத தட்டையும் கழுவுகிறான். என்னை "சார்" என்கிறான். வேன் என்று பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னேன், "சரி சார்" என்றான். நெப்ராஸ்கா மாட்டுப் பண்ணையில் எல்லாரும் இப்படித்தான் வளர்கிறார்கள் என்று அம்மா சொல்கிறாள். இருக்கலாம். எதையோ ஈடு கட்டுகிறவனும் இப்படித்தான் இருப்பான்.

நான் சுற்றி வளைக்கவில்லை. தேங்க்ஸ்கிவிங் விருந்து உனக்கு நினைவிருக்கும். உன் சித்தப்பா ரோய் ரெண்டு கிளாஸ் ஏற்றிக்கொண்டு, "ரெண்டு பேரும் ஆர்த்தோன்னு கெளம்பிட்டீங்க. யாரு மார்க்கு ஜாஸ்தி? வெக்கப்படாம சொல்லுங்கப்பா" என்று கேட்டான். நீ தட்டைப் பார்த்தாய். உன் எம்மெட்தான் வாயைத் திறந்தான். "அவளுதுதான் சார் ஜாஸ்தி. அவ இருநூத்தி அறுபத்தெட்டு. இருநூத்தி நாப்பத்தொண்ணு என்னோடது. கன்னுக்குட்டி இழுத்த கையி, பரீட்சைக்கு வளையல." மேசையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவன் காது சிவந்திருந்தது, கண் உப்புக் குப்பியில் இருந்தது. நாலு பேர் முன்னால் தன் குறையைத் தானே போட்டு உடைக்கிறவன் வேறு எதையோ மறைக்கிறான் என்பது என் தொழில் எனக்குக் கற்றுக் கொடுத்தது.

அதற்குப் பிறகுதான் நான் விசாரித்தேன். டாக்டர் உரிமத்துக்கான முதல் பரீட்சையில் இப்போது தேறினாயா இல்லையா என்று மட்டும்தான் சொல்கிறார்களாம். அதனால் மேல்பயிற்சிக்கு ரெசிடென்ட் எடுக்கும் ஆஸ்பத்திரிகள் இந்த இரண்டாவது பரீட்சையின் எண்ணை வைத்துத்தான் விண்ணப்பக் குவியலைக் கழிக்கிறார்களாம். அறுபத்தெட்டு என்றால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிடுவார்கள். நாற்பத்தொன்று என்றால் கதவைத் தட்டிக்கொண்டே நிற்க வேண்டியதுதான். ஆர்த்தோவில் இடம் கிடைக்காமல் ஒரு வருடத்தை வீணாக்கிவிட்டு மறுபடி வரிசையில் நிற்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர்.

இந்த லட்சணத்தில் நீங்கள் இருவரும் ஜோடியாகப் பதிவு செய்திருக்கிறீர்கள். ஒருவர் விரும்பும் ஆஸ்பத்திரிகளின் பட்டியலை இன்னொருவர் பட்டியலோடு முடிச்சுப் போட்டு, இருவருக்கும் சேர்ந்து இடம் கிடைக்கும் ஊரைத்தான் கணினி தேடும். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் ரெண்டு பேர் காலைச் சேர்த்துக் கட்டி ஓட விடுவார்களே, அது மாதிரி. வேகமாக ஓடத் தெரிந்தவளும் கூட இருப்பவனின் வேகத்துக்குத்தான் ஓட வேண்டும். டிசம்பரில் நீ ஃபோனில், "அந்த ஊர்லயும் ரெண்டு பேருக்கும் நேர்காணல் வந்துடுச்சுப்பா" என்று சந்தோஷமாகச் சொன்னாய். உன்னைக் கூப்பிட்டதால் அவனையும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. உனக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

ஒரே ஒரு கேள்வி. முடிச்சுப் போடலாம் என்று முதலில் சொன்னது யார், நீயா அவனா? பதில் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள். காதை மூடாமல் வெளியே போகாதே.

அன்புடன்
அப்பா


டுலூத்
பிப்ரவரி 11, செவ்வாய்

அன்புள்ள பிரிட்டா,

உன் அட்டை வந்தது. முன்பக்கம் பனிக்கரடி, பின்பக்கம் "அப்பா, எம்மெட்டை விடு" என்று ஒரே வரி. கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. பதில் சொல்லாதவர்களின் கோப்பைத்தான் நான் மேசையில் மேலே வைப்பது வழக்கம், அது உனக்குத் தெரியும்.

அம்மா சுகம். ரோய் ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கப் போய், மீனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு வந்தான், சளி உட்பட. நீ அங்கே எலும்பு கட்டுகிறாயா, இருமலுக்கு மருந்து கொடுக்கிறாயா? சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய் என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

உன் எம்மெட் தனக்கு ஃபோன் வந்தால் கராஜுக்குப் போய்விடுகிறான். வெளியே மூக்கு உதிர்ந்து விழும் குளிர். வீட்டுக்குள் சோபா இருக்கிறது, கணப்பு இருக்கிறது. எந்த மனுஷன் காதலியோடு பேசவோ, அம்மாவோடு பேசவோ அந்தக் குளிரில் போய் நிற்பான்? நான் ஒட்டுக் கேட்கவில்லை. குப்பைப் பெட்டியை வெளியே வைக்கப் போனேன். குப்பைப் பெட்டி கராஜ் கதவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அன்றைக்குக் குப்பை நாள் இல்லை என்று அம்மா சொல்கிறாள், அது வேறு விஷயம்.

கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன். "தெரியும் டாக்டர். சேத்துக் கட்டிக்கிட்டா ஒருத்தர ஒருத்தர் கீழ இழுப்போம்னு எனக்கும் தெரியும்." கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேசினார்கள். பிறகு இவன்: "இல்ல, தயவு செஞ்சு அவகிட்ட மட்டும் சொல்லாதீங்க. தெரிஞ்சா அவளே அவுத்துடுவா."

பிரிட்டா, இதை இரண்டு தடவை படி. உனக்குத் தெரிந்தால் நீயே முடிச்சை அவிழ்த்துவிடுவாயாம், அதனால் உனக்குத் தெரியக் கூடாதாம். நான் கராஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கையுறை கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது.

உள்ளே வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தாமலேயே, "அவன் நம்ம பொண்ண எப்படிப் பாக்குறான்னு நீ பாத்திருக்கியா வேன்?" என்று கேட்டாள். அவன் உன்னை எப்படிப் பார்க்கிறான் என்பது எனக்குத் தெரியும். தண்ணீரில் மூழ்குகிறவனும் படகை அப்படித்தான் பார்ப்பான் என்றேன். "உனக்கு மூள இருக்க வேண்டிய எடத்துலயும் மூக்குதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டாள்.

என்னை நம்ப வேண்டாம், தெரிந்தவர் சொன்னதைக் கேள். வெள்ளிக்கிழமை வடக்கே போகும் சாலையில் ஒரு கார் பள்ளத்தில் இறங்கிவிட்டது, பார்க்கப் போனேன். ஓட்டியவர் மூட்டு மாற்றும் டாக்டர், வெளியூர்க்காரர், பல வருடம் ரெசிடென்ட்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இருந்தவராம். இழுவை வண்டி வரும்வரை என் காரில் உட்கார வைத்து, பொதுவாகப் பேசுவது போல உங்கள் கதையைச் சொன்னேன். பேர் சொல்லவில்லை. "நாப்பத்தொண்ணா? ஆர்த்தோவுக்கா?" என்று சிரித்தார். "மத்ததெல்லாம் தங்கமா இருந்தா ஒண்ணு ரெண்டு பேரு கூப்புட்டுப் பாப்பாங்க. அறுபத்தெட்டு என் பொண்ணா இருந்தா, கத்தரிக்கோல நானே எடுத்துக் குடுத்துடுவேன்" என்றார். அவர் கார் விஷயத்தில் பொய் சொன்னார், வேகம் நாற்பதுதான் என்றார். ஆனால் இந்த விஷயத்தில் பொய் சொல்ல அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

நீ நாலு வயதில் பொம்மையின் காலைக் கழற்றிவிட்டு, ஐஸ் குச்சி வைத்துக் கட்டியவள். அப்போதிலிருந்து உனக்கு வேறு ஆசை இருந்ததில்லை. அந்த ஆசைக்கு ஒருவன் குறுக்கே நிற்கும்போது நான் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. பட்டியலைப் பூட்ட மார்ச் ஐந்து வரை நேரம் இருக்கிறது. யோசி.

உன் அப்பா


டுலூத்
பிப்ரவரி 23, ஞாயிறு

அன்புள்ள பிரிட்டா,

உன்னிடமிருந்து கடிதமும் இல்லை, அட்டையும் இல்லை. அங்கே புயல் என்றும், ஒரு வாரமாக விமானம் இறங்கவில்லை என்றும் செய்தியில் சொன்னார்கள். நம்புகிறேன். அதனால் உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நேற்று சனிக்கிழமை, வழக்கம் போல வியர்க்க உட்காரும் சவுனா அறையில் நெருப்பு மூட்டினேன். எம்மெட்டையும் கூப்பிட்டேன். இந்த மூன்று வாரத்தில் பழகிவிட்டான். முதல் தடவை வந்தபோது மேல் பலகையில் உட்கார்ந்துவிட்டு, "சார், எங்க ஊர்ல இந்தச் சூட்டுல மாட்டுக்கறி வேகும்" என்றான். நேற்று தானே மேல் பலகையில் ஏறி உட்கார்ந்தான். சவுனாவில் சண்டை கூடாது என்பது நம் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம். நான் குரலை உயர்த்தவில்லை. அதனால் சட்டத்தை மீறவில்லை என்று வைத்துக்கொள்.

கல்லில் தண்ணீர் ஊற்றிவிட்டு நேராகக் கேட்டேன். தம்பி, நீ நல்ல பையன், ஆனால் உங்கள் இரண்டு எண்ணையும் நான் மறக்கவில்லை. தனியாகப் போனால் ஒருத்தர் நினைத்த இடத்துக்குப் போகலாம். சேர்ந்து போனால் ரெண்டு பேரும் நடுவழியில் நிற்பீர்கள். உனக்கு அவள் மேல் நிஜமான அக்கறை இருந்தால் முடிச்சை அவிழ்த்துவிடு, அவிழ்த்த பிறகும் எங்கள் வீட்டுக்கு வா, யாரும் முகம் சுளிக்கமாட்டோம் என்றேன்.

அவன் அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினான். பிறகு, "அவளுக்கு அதுதான் நல்லதுன்னு நெஜமாவே நெனைக்கிறீங்களா சார்?" என்றான். ஆமாம் என்றேன். "இது அவ சொல்லி நீங்க கேக்குறதா?"

இதற்கு நான் பதில் சொல்லவில்லை. விசாரணையில் கேள்வி கேட்பது என் வேலை, பதில் சொல்வது இல்லை. யார் சொன்னால் என்ன, யோசித்துப் பார் என்று மட்டும் சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். "போன தடவ நான் முடியாதுன்னுட்டேன். ரெண்டாந்தடவ முடியாதுன்னா அது மரியாத இல்ல" என்றான். என்ன போன தடவை, என்ன ரெண்டாந்தடவை என்று எனக்கு விளங்கவில்லை. சூட்டில் உளறுகிறான் என்று நினைத்தேன். எழுந்து வெளியே போய் வெற்றுடம்போடு பனியில் நின்றுகொண்டிருந்தான். அம்மா சமையலறை ஜன்னலைத் திறந்து சத்தம் போட்ட பிறகுதான் துண்டைப் போர்த்திக்கொண்டான்.

இன்று காலை வாசல் பனி தள்ளியிருந்தது, அவன் கீழே இறங்கிப் போய் மேலே வரவே இல்லை. அம்மா இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு ஹாட்டிஷ் வைத்து ஒரு தட்டைக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தாள். திரும்பி வந்தவள் என்னோடு பேசவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன், பிரிட்டா, ஆனால் ஜெயித்த வீடு மாதிரி இல்லை.

நீ கோபப்படலாம். கோபத்தோடு பெரிய ஆஸ்பத்திரியில் ரெசிடென்டாக இருந்தால் போதும், நான் பொறுத்துக்கொள்வேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் ஃபோன் செய். மார்க்குப் பேச்சை நான் எடுக்கமாட்டேன். நீ எடுத்தால் கேட்டுக்கொள்கிறேன்.

அப்பா


டுலூத்
மார்ச் 3, திங்கள்

எம்மெட்டுக்கு,

வேன் லாஹ்டி எழுதுவது. எனக்குக் கையால் எழுதித்தான் பழக்கம். ஆனால் தபாலில் போட்டால் கெடு தாண்டிய பிறகுதான் உனக்குக் கிடைக்கும், அதனால் கணினியில் அடித்து அனுப்புகிறேன். உன் கைப்பேசியை நீ எடுப்பதில்லை. உங்கள் பண்ணை வீட்டு எண்ணுக்குப் பேசினேன். ஒரே இரவில் ஏழெட்டுப் பசு கன்று போடுகிறது, நீ கொட்டகையை விட்டு வெளியே வருவதில்லை என்று உன் அம்மா சொன்னார். "அவன் வந்ததுலேந்து பேசல. என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன். கேட்டதும் வாயில் வந்தது அதுதான். மன்னிப்புக் கேட்டதாக அவரிடம் சொல்.

நேற்று பிரிட்டா அந்த ஊர்க் கிளினிக்கிலிருந்து பேசினாள். என் மூன்றாவது கடிதம் அப்போதுதான் விமானத்தில் வந்து இறங்கியிருக்கிறது. கத்துவாள் என்று ஃபோனைத் தள்ளி வைத்துக்கொண்டேன். கத்தவில்லை. "அப்பா, இருநூத்தி நாப்பத்தொண்ணு என்னோடது" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. மறுபடி சொன்னாள். பரீட்சை அன்று காய்ச்சல் என்றோ, கேள்வி கஷ்டம் என்றோ ஒரு சாக்கும் சொல்லவில்லை. "நீ ஊரு பூராச் சொல்லிட்டு வந்திருந்தே, எம் பொண்ணுதான் ஃபர்ஸ்ட்டுன்னு. சித்தப்பா கேட்டப்ப எனக்கு வாயே வரல. அவன் தூக்கித் தன் தலையில போட்டுக்கிட்டான். அப்பறம் எப்படி மாத்திச் சொல்றதுன்னு தெரியாம விட்டுட்டேன்" என்றாள்.

எம்மெட், எங்கள் தொழிலில் ஒரு பழைய வித்தை உண்டு. மனைவி ஓட்டி இடித்துவிடுவாள். போலீஸ் வருவதற்குள் கணவன் ஓட்டுநர் இருக்கையில் மாறி உட்கார்ந்துகொண்டு, தான்தான் ஓட்டினேன் என்பான். நான் இருக்கையைப் பார்ப்பேன், அது யார் கால் நீளத்துக்குத் தள்ளியிருக்கிறது என்று பார்ப்பேன், ஒரு நிமிடத்தில் பிடித்துவிடுவேன். என்னிடம் இதில் தப்பித்தவர்கள் கிடையாது என்று ஆபீசில் பெருமையடித்துக்கொள்வேன். நீங்கள் இரண்டு பேரும் என் சாப்பாட்டு மேசையில் இருக்கை மாறினீர்கள், நான் உன் காது சிவந்ததை மட்டும் பார்த்துவிட்டு உன்னையே குற்றவாளியாக்கினேன். நீ எதையோ மறைக்கிறாய் என்பதில் என் கணிப்பு தப்பவில்லை. நீ மறைத்தது என் மகளின் மானத்தை.

கராஜில் உன்னோடு பேசியது உங்கள் கல்லூரியின் ஆர்த்தோ தலைவர் என்று அவள் சொல்லித்தான் தெரியும். தனியாகப் போ, உனக்கு எங்கே வேண்டுமானாலும் இடம் கிடைக்கும் என்று உன்னிடம் சொன்னவர், நீ வேண்டாம் என்று கெஞ்சியும் கேட்காமல் அவளுக்கும் எழுதிவிட்டாராம். நேர்காணல்கள் முதலில் உனக்கு வந்தன, பிறகு நீ எழுதிக் கேட்டு அவளுக்கு வந்தன என்பதையும் சொன்னாள். நான் எல்லாவற்றையும் தலைகீழாகப் படித்திருக்கிறேன். பையன் பொய் சொல்கிறான் என்ற ஒரு நினைப்பு போதும், மற்ற எல்லாம் அதற்குத் தகுந்தபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

இனி உனக்குத் தெரிய வேண்டியது. நீ அன்று கேட்ட கேள்விக்கு என் பதில்: இல்லை. அவள் சொல்லி நான் கேட்கவில்லை. அப்போது அவளுக்கு ஒன்றும் தெரியாது. கிறிஸ்துமஸ் சமயத்தில் உன்னை அவிழ்த்துக்கொள்ளச் சொன்னாளாம், நீ முடியாது என்றாயாம். அதுதான் நீ சொன்ன போன தடவை என்று இப்போது விளங்குகிறது. அப்பாவை அனுப்பி இரண்டாம் தடவை கேட்கிறாள் என்று நீ நினைத்துவிட்டாய், நானும் உன்னை அப்படி நினைக்க விட்டேன். அவளோ, நீ பரிதாபப்பட்டுத்தான் கூட நிற்கிறாய் என்று நினைக்கிறாள். பரிதாபத்தில் கிடைக்கும் இடம் தனக்கு வேண்டாம் என்கிறாள். இந்த விஷயத்தில் அவள் என் மகள். இல்லாததை மோப்பம் பிடிப்பதில் எங்கள் குடும்பத்தை யாரும் ஜெயிக்க முடியாது.

ஃபோனை வைப்பதற்கு முன் அவள் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். "அவன் அவுத்திருந்தா நல்லதுதாம்ப்பா. அவனுக்கு அதுதான் நல்லது" என்றாள். அழுகிறாயா என்று கேட்டேன், அங்கே குளிர் அதிகம் என்றாள். உன்னிடம் நான் கெஞ்சக் கூடாது, அவள் பேரைச் சொல்லி ஒரு வார்த்தை கெஞ்சினாலும் என்னோடு பேசமாட்டேன் என்றாள். இதில் எது பொய், எது நிஜம் என்று எனக்குத் தெரியும். ஆனால் என் கணிப்புக்கு இந்த மாதம் ஒரு மதிப்பும் இல்லை, அதனால் நீயே அவளைக் கேள். கிளினிக்கின் எண்ணை இதோடு தனியாக அனுப்புகிறேன். அங்கே பகல் முழுக்க யாராவது எடுப்பார்கள்.

என் மனைவி லோர்னா உனக்கு ஒன்றும் எழுத மறுத்துவிட்டாள். "நீ கெடுத்தத நீயே எழுது" என்றாள். மேசைக்கு எதிரே உட்கார்ந்து, நான் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீ போன வெள்ளிக்கிழமையிலிருந்து வாசல் பனியை நான்தான் தள்ளுகிறேன்.

இப்போது எனக்குக் கஷ்டமான இடம். சவுனாவில் உனக்கு ஒரு நியாயம் சொன்னேன். அறுபத்தெட்டுக்காரர் நாற்பத்தொன்றுக்காக நடுவழியில் நிற்கக் கூடாது என்றேன். அந்த எண்கள் யாருடையவை என்று தெரிந்ததும் நியாயம் மாறிவிடும் என்றால், அது நியாயமாக இருந்ததே இல்லை. என் மகளுக்குச் சரி என்று நான் சொன்னது உனக்கும் சரிதான். நீ அவிழ்த்துக்கொண்டால் நீ கெட்டிக்காரன், யாரும் உன்னைக் குறை சொல்ல முடியாது. அவள் தனியாக அந்தப் பட்டியலோடு நின்றால் என்ன ஆகும் என்று நேற்று முழுக்க உட்கார்ந்து யோசித்தேன். அதை உனக்கு எழுதமாட்டேன். எழுதினால் அதற்குப் பேர் கெஞ்சல்.

புதன்கிழமை இரவு எட்டு மணிக்குப் பட்டியல் பூட்டப்படும். உனக்கு எது சரியோ அதைச் செய். உன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என் வணக்கம். பசுக்கள் எல்லாம் நல்லபடியாகக் கன்று ஈனட்டும், உனக்குத் தூங்க நேரம் கிடைக்கட்டும். நீ எந்த ஊரில் யாருடைய எலும்பை ஒட்டினாலும் அவர்கள் அதிர்ஷ்டசாலிகள். நீ அவிழ்த்தாலும் சரி, அவிழ்க்காவிட்டாலும் சரி, ஏன் என்று நான் கேட்கமாட்டேன். என் வாழ்க்கையில் யாரிடமும் இப்படி நான் சொன்னதில்லை.

பிரிட்டாவின் அப்பா
வேன் லாஹ்டி